வெட்டக் கூடாத கம்பளம்

பெர்த்தா நவஹோ இனத்துப் பெண். அமெரிக்காவின் அரிசோனாவில் ஆடு மேய்த்து வளர்ந்தவர். கனடாவின் மொன்றியல்காரர் ஒருவரை மணந்து அந்நகரின் செயின்ட்-மிஷேல் பகுதிக்கு வந்து, முப்பது வருடம் தொழிற்சாலையில் உடுப்புத் தைத்தார். மாலையில் வீட்டுத் தறியில் கம்பளம் நெய்தார். 2007 மார்ச்சில் பக்கவாதம் வந்து இடது கை செயலிழந்தது. அப்போதுதான் வீட்டுப் பராமரிப்பாளராக நான் அங்கே போனேன்.

நிலத்துக்கும் கூரைக்கும் இடையில் இறுக்கி நிறுத்திய தறியில் முக்கால்வாசி நெய்த கம்பளம் இருந்தது. அதில் சிவப்புக் குன்று, கிணறு, ஆட்டுப்பட்டி. அவருடைய தாயின் மேய்ச்சல் நிலமாம். எழுபதுகளில் அரசாங்கம் குறுக்கே வேலி போட்டுக் குடும்பத்தை அங்கிருந்து எழுப்பிவிட்டது.

“வேலியைக் காணேல்லையே?” என்று கேட்டேன்.

“அதுக்கெல்லாம் நான் நூல் செலவழிக்க மாட்டன்.”

வாடகை ஒப்பந்தம் முடிவதால் வீட்டை ஜூலை முதலாம் தேதி விடவேண்டும். அவர் குடிபோகவிருந்த மகன் வீட்டின் கூரை தாழ்வு, தறி நிற்காது. மருமகள் ஷெரோன், மன்னார்ப் பிள்ளை, என்னைக் குசினிக்குள் இழுத்தாள்.

“அன்ரி, நெய்த மட்டும் வெட்டி ஓரம் தைச்சாக் காணாதோ?”

“மாமியைக் கேள் பிள்ளை.”

“கேட்டனான். உன்ர காலையும் முழங்காலோட வெட்டித் தைச்சு விடட்டோ எண்டு கேக்கிறா.”

அந்த நெசவில் பாவுநூல் மேலும் கீழுமாக ஓடும் ஒரே நூல். வெட்டினால் அவிழும். உச்சிவரை நெய்துதான் கழற்றவேண்டும். அவர் வலது கையால் ஒரு நாளைக்கு ஒரு விரல் அகலம் நெய்தார்.

ஒரு மத்தியானம் அவர் தூங்கும்போது நான் நாலு வரி நெய்து வைத்தேன். நோயாளியால் முடிந்ததை நாம் செய்யக்கூடாது என்பது பராமரிப்புப் பயிற்சியின் முதல் பாடம்; அதை மறந்துவிட்டேன். எழுந்து பார்த்தவர் நாலு வரியையும் ஒற்றைக் கையால் பிரித்தார். பிரித்து முடிய மாலையாகிவிட்டது. அதன்பின் நான் பாவுநூலை விரித்துப் பிடிப்பதை மட்டும் செய்தேன், அவருடைய இடது கைக்குப் பதிலாக.

உச்சி நெருங்க நெருங்கப் பாவு இறுகியது. நூலை அடித்து இறுக்கும் சீப்பு நுழையவில்லை. உடைந்த குடைக்கம்பியை ஊசியாக்கி நூல் கோத்துக் கொடுத்தேன்.

ஜூலை முதலாம் தேதி காலை இன்னும் அரை விரல் மிச்சம். மகன் லொறியோடு வந்தார். “கட்டிலை ஏத்து, மேசையை ஏத்து. என்னைக் கடைசியா ஏத்து,” என்றார் பெர்த்தா. மத்தியானம் புதுக் குடித்தனக்காரர் குளிர்சாதனப்பெட்டியோடு படியேறி வந்தார்கள். வெறும் கூடத்தில் சக்கர நாற்காலி, தறி, நாங்கள் இருவர். பெர்த்தா அவர்கள் பக்கம் திரும்பவில்லை. “ஓரமாக் கொண்டு போகச் சொல்லு.”

நாலு மணிக்குக் கடைசி நூல் உள்ளே போனது. பெர்த்தா உச்சி ஓரத்தை விரலால் ஒருதரம் அழுத்திப் பார்த்தார்.

“இப்ப கழட்டு,” என்றார்.