வரப்பின் கோணம்

எங்கள் குடும்ப வயல் பாகம் பிரிந்த அன்று எனக்குப் பதினைந்து வயது. இப்போது நினைத்தாலும் பற்றிக்கொண்டு வருகிறது.

தக்கலைக்குத் தெற்கே இருந்தது அந்த வயல். வாய்க்கால் அதன் தலைமாட்டில் சாய்வாக ஓடும். எங்களூர் வழக்கப்படி, பாகம் வைக்கும்போது வாய்க்கால் கரையில் மட்டும்தான் கோல் போட்டு அளப்பார்கள். தண்ணீர் பாயும் மடை அங்கே இருப்பதால் அதுவே பங்கு. வால் பக்கம் யாரும் அளப்பதில்லை. அம்மாவுக்கும் அவளுடைய அண்ணனுக்கும் கரையில் சரிபாதி வந்தது. நடுவரப்புக்கு மாமாவே கயிறு பிடித்தார்.

எனக்குக் கயிறு உறுத்தியது. இணையான இரண்டு வரப்புகளை ஒரு வாய்க்கால் குறுக்கே வெட்டினால், இரண்டிலும் ஒரே பக்கத்தில் விழும் ஒத்த கோணங்கள் சமமாக இருக்க வேண்டும். அந்த வருடம்தான் பள்ளிக்கூடத்தில் படித்திருந்தேன். நோட்டுத்தாளைக் கிழித்து, எங்கள் ஓர வரப்பும் வாய்க்காலும் சேரும் மூலைக்குப் பொருந்த மடித்தேன். அதை மாமாவின் கயிற்றடியில் வைத்தேன். பொருந்தவில்லை. கயிறு எங்கள் பக்கம் சரிந்திருந்தது. அப்படியே வரப்பு போட்டால் வால் பக்கம் எங்கள் வயல் பாதியாகிவிடும்.

"மாமா, கோணம் சரியில்ல. இது இணை இல்ல."

"ஏட்டி, தலப்புல ரெண்டும் ஒண்ணுபோல இருக்குல்லா? பின்ன என்ன?"

அளக்க வந்தவர்கள் சிரித்தார்கள். தாளை நீட்டினேன். மாமா அதைப் பார்க்கக்கூட இல்லை. அம்மாவைப் பார்த்தார். பங்கு வாங்குகிறவர் முதல் கைச்சேற்றைக் கயிற்றின்மேல் அள்ளி வைத்தால் சம்மதம் என்று அர்த்தம். அம்மா குனிந்து அள்ளி வைத்தாள்.

வீட்டுக்கு வரும் வழியில் கத்தினேன். "நான் சொன்னது ஒனக்கு வெளங்கலியா?"

"காலையிலயே கண்டேன் மக்கா. அப்பா இல்லாத பிள்ளையக் கெட்டிக் குடுக்க அவன் வந்து நிக்கண்டாமா?"

கல்யாணமே வேண்டாம் என்றேன். யார் கேட்டார்கள்?

மறுவருடம் என் கல்யாணத்துக்கு மாமா வந்து நின்றார். பந்திச் சோற்றுக்குத் தன் வயல் நெல்லைத் தந்ததாக வந்தவர்களிடமெல்லாம் சொல்லிக்கொண்டு திரிந்தார். அம்மா நன்றியோடு தலையாட்டினாள். அது எங்கள் வயலில் விளைந்த நெல் என்று அத்தனை பேருக்கும் நடுவில் நான் எழுந்து சொல்லியிருக்க வேண்டும். தலையைக் குனிந்துகொண்டு சாப்பிட்டேன். அம்மாவையும் மாமாவையும் எப்போதோ மன்னித்துவிட்டேன், என்னை இன்னும் மன்னிக்க முடியவில்லை.