மாப்பிள்ளைக்கு ஒரு சாற்றுகவி

புத்தகம் அச்சுக்குப் போகுமுன் அதைப் புகழ்ந்து தமிழ் படித்தவர்கள் பாட்டெழுதித் தர வேண்டும். சாற்றுகவி என்று பேர். அது இல்லாத புத்தகத்தை மதுரையில் ஒருவரும் கையால் தொடமாட்டார். என் தங்கை வீட்டுக்காரர் தம் பாட்டுகளுக்கு என்னிடம் சாற்றுகவி கேட்டுத் தாள்களைக் கொடுத்தனுப்பினார்.

நான் மிஷன் பள்ளிக்கூடத்து வாத்தியார். நன்றாயில்லாததை நன்று என்று எழுத எனக்குக் கை வராது. பெரியப்பா மகனுக்கு எழுத மறுத்ததில் இரண்டு வீட்டுக்கும் போக்குவரத்தே நின்றுபோயிற்று. மிச்சம் இருப்பது ஒரே தங்கை. அந்த வாசலும் அடைபட்டால் நான் எங்கே போவேன்?

மாப்பிள்ளைக்குக் குரல் வேறு அருமை. பாட்டை யாரும் சும்மா வாசிப்பதில்லை, ராகம் போட்டுத்தான் பாடுவார்கள். நல்ல ராகம் எந்தக் குப்பையையும் மூடிவிடும். அதனால் ராகம் அறியாத ஒருவரை வாசிக்கச் சொல்லிக் கேட்பது என் வழக்கம்.

ஞாயிற்றுக்கிழமை பூசை முடிந்து சின்னமனூரில் தங்கை வீட்டுக்குப் போனேன். மாப்பிள்ளை அணை வேலைக்குத் தம் மாட்டுவண்டியில் சுண்ணாம்பு ஏற்றிப் போயிருந்தார். தாள்களைத் தங்கையிடமே கொடுத்தேன். அவள் அதுவரை அவற்றைப் பார்த்ததில்லை. செபப் புத்தகத்தில் எழுத்துக் கற்றவள், எதை வாசித்தாலும் பிரார்த்தனை மாதிரிதான் வரும். தாமரை, அன்னம், ஜமீன்தார் புகழ் என்று ஒரே குரலில் ஓடியது. கோயில் மன்றாட்டில் சொல்வதுபோல் 'எங்களுக்காக வேண்டிக்கொள்ளும்' என்று நானே பதில் சொல்லியிருப்பேன். நம் பள்ளத்தாக்கில் அன்னத்தை எவன் கண்டான்? போச்சுடா என்று உட்கார்ந்திருந்தேன்.

பிறகு மாட்டின் கழுத்துப் புண் வந்தது. சந்தை வந்தது. எனக்குக் காது கொஞ்சம் நிமிர்ந்தது. அடுத்து, சாரல் மாதத்தில் ஈர விறகை ஊதுகிற ஒரு பெண். கண் ஏன் சிவந்தது என்று கேட்டால் புகை என்கிறாள். நம்பியவன்போல் புருஷன் திரும்பிப் படுக்கிறான்.

தங்கையின் பிரார்த்தனைக் குரல் அங்கே நின்றுவிட்டது.

"அண்ணே, இது அப்பா செத்த வருசம். நான் அழுதது அவுகளுக்குத் தெரிஞ்சிருக்கு."

தாளை மடியில் வைத்துக்கொண்டாள். "மறுநா ஒரு வண்டி காஞ்ச வெறகு கொண்டாந்து எறக்குனாக. சோறு தாமசமாகுதுன்னு குத்திக் காட்டுறாகன்னு நெனச்சேன். இத்தன வருசமா அப்படியேதான் நெனச்சிருந்தேன்."

அப்பாடா என்றிருந்தது எனக்கு. இனி நான் பொய் எழுத வேண்டியதில்லை. இந்த வீட்டு வாசலும் எனக்கு அடைபடாது. இன்னொரு தரம் அந்தப் பாட்டை வாசிக்கச் சொன்னேன். மாட்டேன் என்று அடுப்படிக்குப் போய்விட்டாள்.

மத்தியானம் வண்டி வந்தது. மாப்பிள்ளை கால்கூடக் கழுவவில்லை.

"எப்படி இருக்கு மச்சான்?"

"அன்னத்தையெல்லாம் பறக்க விட்டுருங்க மாப்பிள்ளை. ஜமீன்தாரையும் கூடவே அனுப்பிருங்க. மிச்சத்துக்கு இன்னைக்கே எழுதித் தாரேன்."

அவர் சிரித்தார். தங்கை சோற்றுப் பானையோடு வந்தாள், முந்தானையால் கண்ணைத் துடைத்தபடி.

"என்ன கண்ணு செவந்திருக்கு?" என்றார்.

"புகை" என்றாள்.

மாப்பிள்ளை அடுப்படியை எட்டிப் பார்த்தார். பிறகு அவள் பக்கம் திரும்பினார்.

"வெறகு காஞ்சதுதான?" என்றார்.