கிணற்றுக்குப் போன எஞ்சின்

சௌந்தரநாயகி ஊர்காவற்றுறையில் விஞ்ஞானம் படிப்பித்துக்கொண்டே கலாநிதிப் பட்டத்துக்கு ஆய்வு செய்தவள். மீனவர்களுக்கு மானியத்தில் கிடைத்த எஞ்சின்கள் ஏன் பாவனையில்லாமல் கிடக்கின்றன என்பதுதான் அவள் எடுத்த தலைப்பு. எழுபத்தைந்தாம் ஆண்டு புங்குடுதீவுக் கரையில் போய்ப் பார்த்தபோது அந்தத் தலைப்பே கவிழ்ந்துபோயிற்று. கரையேற்றிவிட்டிருந்த வள்ளங்களில் எஞ்சின்களே இல்லை.

"எஞ்சின் எங்கை, அண்ணை?" என்று, கிழிந்த வலையைப் பொத்திக்கொண்டிருந்த இராயப்புவைக் கேட்டாள்.

"மடத்துவெளியிலை நிக்குது, ரீச்சர். கனகசபை அண்ணையின்ரை தோட்டக் கிணத்திலை தண்ணி இறைக்குது."

தென்மேற்கிலிருந்து சோளகக் காற்றுக் கிளம்பினால் கடலுக்குப் போக ஏலாது. அதே மாதங்களில்தான் மிளகாய்த் தோட்டம் தண்ணீருக்குத் தவிக்கும். காற்றுத் தொடங்கியதும் இராயப்பு எஞ்சினைக் கழற்றி மாட்டுவண்டியில் ஏற்றி அனுப்புவார். கனகசபை அதைப் பம்புடன் பூட்டிக்கொள்வார். காற்று அடங்க, எஞ்சின் ஒரு சாக்கு மிளகாயோடு கரைக்குத் திரும்பும். ஒருவர் கடலோடி, மற்றவர் தோட்டம் செய்யும் கமக்காரர். கோயிலும் வேறு, சாதியும் வேறு. அந்த எஞ்சினுக்கு முன் ஒருவர் வீட்டு வாசல் படலையை மற்றவர் திறந்ததில்லை.

சௌந்தரநாயகி பழைய தலைப்பைத் தூக்கிப் போட்டாள். ஒரு இயந்திரத்தைச் சனங்கள் தங்கள் வாழ்க்கைக்கு ஏற்றபடி எப்படி மாற்றிக்கொள்கிறார்கள் என்பதே புதிய ஆய்வாயிற்று. முதல்முறை கொடுத்தபோது, "இது ஆராய்ச்சியா, ஊர்க்கதையா?" என்று ஒரு பரீட்சகர் திருப்பி அனுப்பிவிட்டார். பிறகு நெடுந்தீவு, நயினாதீவு என்று கரை கரையாக அலைந்தாள். அங்கேயும் எஞ்சின்கள் இப்படிக் கைமாறி உழைத்தன. எல்லாவற்றையும் படம் கீறி விளக்கிச் சேர்த்தாள். அந்த முறை ஆய்வு ஏற்கப்பட்டது. அதற்கடுத்த ஆண்டு, கொழும்பிலிருந்த ஒரு விஞ்ஞானச் சங்கம் அதைச் சிறந்த கலாநிதி ஆய்வாகத் தெரிவுசெய்து பரிசும் அறிவித்தது.

விழாவுக்கு இராயப்புவையும் கனகசபையையும் தன்னோடு ரயிலில் கூட்டிப்போனாள். பரிசு கொடுத்த தலைவர், இந்த யோசனை முதலில் யாருக்கு வந்தது என்று இருவரையும் பார்த்துக் கேட்டார்.

"கனகசபை அண்ணைக்குத்தான்," என்றார் இராயப்பு.

"எனக்கோ? நீரல்லோ வந்து கேட்டனீர்!"

"கேட்டனான்தான். கேக்கச் சொன்னது என்ரை மனிசி ஜசிந்தா."

மண்டபம் சிரித்தது. சௌந்தரநாயகிக்கு முகம் சிவந்தது. அந்த வீட்டில் எத்தனையோ முறை ஜசிந்தா போட்ட தேத்தண்ணியைக் குடித்திருக்கிறாள். அவளிடம் ஒரு கேள்வியும் கேட்டதில்லை. நினைக்க நினைக்க அவளுக்கும் சிரிப்பு வந்துவிட்டது.

ஊருக்கு வந்ததும் நேரே ஜசிந்தாவிடம் போனாள்.

"ஏன் அக்கா எனக்குச் சொல்லேல்லை?"

"இதிலை என்ன சொல்லக் கிடக்கு, ரீச்சர்? இவர் எஞ்சினைக் கழட்டி நான் சமைக்கிற குசினிக்குள்ளை வைச்சிட்டார். எனக்குத் திரும்ப இடமில்லை. தோட்டக்காரர் ஆருக்கும் குடுங்கோ எண்டு சத்தம் போட்டனான்."

ஆய்வு நூலாக அச்சேறியபோது முதல் அத்தியாயம் ஜசிந்தாவின் குசினியில் தொடங்கியது. சௌந்தரநாயகி அதை அவளுக்கு வாசித்துக் காட்டினாள். ஜசிந்தா கையைத் துடைத்துக்கொண்டு வந்து பக்கத்தில் இருந்தாள்.

"குசினி சின்னன் எண்டதையும் எழுதினனீங்களோ?"

"ஓம் அக்கா."

"அப்ப அந்த இடத்தை முத்தத்திலை இருக்கிற இவருக்குக் கேக்க இன்னொருக்கா வாசியுங்கோ."

மாரி தொடங்குமுன் இராயப்பு குசினியைப் பெருப்பித்துக் கட்டினார்.