உபவாச ஞாயிறும் ஒரு பொட்டலம் சீனியும்

2025 மே 4, ஞாயிற்றுக்கிழமை, மதியம் ஒன்று நாற்பது. கத்திரி வெயில் தொடங்கிய நாள். வானத்தில் ஒரு மேகம் இல்லை. காற்று அடித்தது, ஆனால் அது அடுப்பு வாயிலிருந்து வருகிற காற்று. சோழவந்தானுக்குச் சற்று முன்னால், தார் ரோட்டிலிருந்து உள்ளே பிரிகிற மண்பாதையில் நான் உட்கார்ந்திருந்தேன். பத்தொன்பது வயதுப் பிள்ளை ஒருவன் என் மடியில் தலைவைத்துக் கிடந்தான். கண் பாதி மூடியிருந்தது. கூப்பிட்டால் பதில் இல்லை. என்னை நம்பி அவனை அனுப்பி இரண்டு மணி நேரம்தான் ஆகியிருந்தது.

சகோதர சகோதரிகளே, அந்தப் பிள்ளையை உங்களில் பலருக்குத் தெரியும். எல்டர் பிரசாத். எல்டர் என்பது ஊழியக்காரருக்கான பட்டம், வயதால் வந்ததல்ல. விசாகப்பட்டினம் பக்கத்துப் பையன். இரண்டு வருட ஊழியத்துக்கு வந்து, அப்போது மதுரையில் மூன்றாவது மாதம். காளவாசல் ஆட்டோக்காரர்கள் "மார்மன் பசங்க" என்று சொல்லும் இரண்டு பேரில் உயரமானவன். தமிழை அந்த ஆட்டோ ஸ்டாண்டில்தான் படித்தான். அதனால் எழுபத்துமூன்று வயதான என்னையும் 'அண்ணே' என்றுதான் கூப்பிடுவான். நான் திருத்தவில்லை.

அவர்கள் இருவரும் குடியிருப்பது என் தெருவில், என் வீட்டிலிருந்து நான்காவது வீடு. காலை ஆறரைக்கு அவர்கள் ஜன்னலில் விளக்கு எரியும். வேதம் படிப்பார்கள், தமிழ் எழுதிப் பழகுவார்கள், சட்டையைத் தேய்ப்பார்கள். ஒருவனிடம் நான்கு வெள்ளைச் சட்டை, இன்னொருவனிடம் ஐந்து. திங்கட்கிழமைகளில் அவை மாடியில் காயும். அன்றைக்குத்தான் வீட்டுக்குப் போன் பேசுவார்கள். பிரசாத் தன் அம்மாவோடு பேசும்போது மாடிக் கைப்பிடிச் சுவரைப் பிடித்துக்கொண்டு சிரிப்பதை நான் பார்த்திருக்கிறேன். மற்ற ஆறு நாளும் வெயிலில் நடை. பத்துக் கதவு தட்டினால் ஒன்பது சாத்திக்கொள்ளும்.

ஊழியக்காரர் ஒருவரும் தனியாகப் போகக் கூடாது, துணை எப்போதும் கண்ணெதிரே இருக்க வேண்டும் என்பது அவர்களுக்கு விதி. அந்த ஞாயிறு பிரசாத்தின் துணைக்குக் கணுக்கால் பிசகி வீங்கிவிட்டது. அவனோடு வேறொரு சகோதரர் தங்கினார். சோழவந்தான் பக்கம் படுக்கையில் கிடக்கும் சகோதரி பேச்சியம்மாளுக்குத் திருவிருந்து கொண்டுபோக வேண்டும். இடுப்பு எலும்பு முறிந்ததிலிருந்து அவர் சபைக்கு வர முடியவில்லை. பிரசாத்தோடு போக ஆள் இல்லை. நம் சபையின் கிளைத் தலைவர் என்னைக் கேட்டார்.

என் மனைவி சிரித்தாள். "உங்களுக்கே ஒரு தொணை வேணும். நீங்க தொணைக்குப் போறீகளாக்கும்."

எனக்குப் பயம்தான். பஸ்ஸில் இடம் கிடைக்குமா, குடையை மறந்துவிடுவேனா, வழியில் மூத்திரம் வந்தால் எங்கே போவது என்று நான் கவலைப்பட்டது ஏழெட்டு இருக்கும். ஆனால் நடந்தது அந்தப் பட்டியலில் இல்லை.

சித்திரைத் திருவிழாக் கூட்டத்தில் பஸ் பிதுங்கியது. கண்டக்டர் பிரசாத்தின் டையைப் பார்த்தார். "என்ன தம்பி, இந்த வெக்கையில பொண்ணு பாக்கப் போறியா?"

"இல்ல அண்ணே. ஒரு அம்மாவைப் பாக்கப் போறேன்."

"அது சரி. முதல்ல மாமியாரைச் சரிக்கட்டணும்ல."

பஸ்ஸே சிரித்தது. அவனும் சிரித்தான். ஆனால் நெற்றியில் முத்து முத்தாக வேர்வை. வெயில் என்று நினைத்தேன். அன்று உபவாச ஞாயிறு. மாதத்தின் முதல் ஞாயிறு நாம் இரண்டு வேளை உணவும் தண்ணீரும் விட்டு ஜெபிக்கிறோம். என் வயதுக்கு நான் ஒரு வேளைதான் விட்டிருந்தேன். அவனும் உபவாசமாக இருப்பது இயல்பு என்றே எடுத்துக்கொண்டேன்.

பஸ்ஸை விட்டு இறங்கி, இருபுறமும் வெற்றிலைக் கொடிக்கால் உள்ள பாதையில் நடந்தோம். பாதி வழியில் அவன் தெலுங்கில் ஏதோ பேசத் தொடங்கினான். என்னைப் பார்த்துப் பேசவில்லை. கால் பின்னியது. நான் பிடிப்பதற்குள் முட்டி போட்டு உட்கார்ந்து, அப்படியே சாய்ந்தான். சட்டை நனைந்து முதுகோடு ஒட்டியிருந்தது. கையைத் தொட்டேன். அந்த வெயிலில் கை ஜில்லென்று இருந்தது.

தண்ணீர் தேடி அவன் பையைத் திறந்தேன். திருவிருந்துக்கான ரொட்டி ஒரு பாக்கெட், சின்னத் தண்ணீர் பாட்டில், சிறு கிண்ணங்கள். அவற்றுக்கு அடியில் ஒரு பேனா ஊசி. அதைப் பார்த்ததும் என் உயிர் போய்விட்டது. அதே ஊசி என் வீட்டு ஃபிரிட்ஜில் இருக்கிறது. என் மனைவிக்குப் பதினோரு வருடமாகச் சர்க்கரை. காலையில் இந்தப் பிள்ளை ஊசி போட்டிருக்கிறான். சாப்பிடவில்லை. வெயிலில் நடந்திருக்கிறான். சர்க்கரை இறங்கிக்கொண்டே போகிறது. சீக்கிரம் ஏற்றாவிட்டால் என்ன ஆகும் என்பதை டாக்டர் எனக்குச் சொல்லியிருக்கிறார். அதை இங்கே எழுதக் கை வரவில்லை.

நூற்றெட்டுக்குப் போன் செய்தேன். எந்த இடம் என்று கேட்டார்கள். எந்தப் பக்கம் திரும்பினாலும் கொடிக்கால். தெரிந்ததைச் சொன்னேன். வண்டி வரும், நேரமாகும் என்றார்கள்.

ரொட்டியைப் பிய்த்து வாயருகே கொண்டுபோனேன். அவன் உதட்டை இறுக மூடிக்கொண்டு முகத்தைத் திருப்பினான். "அது ஆண்டவரோடது அண்ணே" என்று குழறினான்.

"இன்னும் ஜெபிக்கல தம்பி. இது வெறும் ரொட்டி. நேத்து கடையில நான்தான் வாங்குனேன்" என்று கெஞ்சினேன். கேட்கும் நிலையில் அவன் இல்லை. வலுக்கட்டாயமாக வைத்த துண்டும் மெல்லாமல் நழுவி விழுந்தது.

அவன் அம்மாவின் முகம் நினைவுக்கு வந்தது. நான் பார்க்காத முகம். மாடியில் அவன் சிரித்த சிரிப்பிலிருந்து நானே உண்டாக்கிக்கொண்ட முகம். அந்த அம்மாவுக்கு நாளைக்கு அவன் போன் செய்ய வேண்டும்.

நான் நீளமாக ஜெபிக்கிறவன். சபையில் என் ஜெபத்துக்குச் சிலர் கடிகாரம் பார்ப்பார்கள், அது எனக்குத் தெரியும். அன்றைக்கு வந்தது ஒரே வரி. "பரம பிதாவே, இந்தப் புள்ளைக்கு இனிப்பு ஏதாவது குடுங்க." அவ்வளவுதான். ஆமென்கூடச் சொன்னேனா என்று தெரியவில்லை.

கண்ணைத் திறந்தேன். பாதையில் ஒருவரும் இல்லை. பிறகு கொடிக்காலின் வேலிப் படலை நகர்த்திக்கொண்டு ஒரு பெண் வெளியே வந்தாள். நாற்பது வயதிருக்கும். கையில் பெரிய தூக்குவாளி. முகூர்த்தத்துக்கு வெற்றிலை கட்டும் ஆட்களுக்கு டீ கொண்டுபோகிறவள். எங்களைப் பார்த்து நின்றாள்.

"என்னய்யா ஆச்சு? மயக்கமா? இந்தாங்க, டீத் தண்ணி ஒரு வாய் ஊத்துங்க."

இப்போது நான் செய்ததைக் கேளுங்கள். ஞானஸ்நானம் எடுத்து, சபைக் கட்டளைப்படி டீயையும் காபியையும் விட்டு ஒன்பது வருடம். ஒன்பது வருடமாக எந்த வீட்டுக்குப் போனாலும் ஒரே பதில் சொல்லிச் சொல்லி வாய் பழகிவிட்டது. அந்த வாய் அப்போதும் அதையே சொன்னது.

"டீ வேண்டாம்மா. நாங்க குடிக்கிறதில்ல."

அவள் என்னை ஏற இறங்கப் பார்த்தாள். "புள்ள சாகக் கெடக்கான். டீ ஆகாதாம்ல. நல்லாருக்கு உங்க நாயம்."

"இல்லம்மா, இல்ல, குடு. சர்க்கரை இறங்கிருச்சு இவனுக்கு. டீயில சீனி போட்டிருக்கியா?"

"சீனி போடலையே."

எனக்குக் கண் இருண்டது.

"எங்க மாமாவுக்குச் சுகர் இருக்கு. அவரும் இங்கனதான் வேலை பாக்குறாரு. அதனால டீய வெறும் டீயாக் கொண்டாந்து, சீனியத் தனியாப் போட்டுக் குடுப்பேன்." சொல்லிக்கொண்டே இடுப்பிலிருந்து காகிதப் பொட்டலத்தை எடுத்தாள். "இந்தா இருக்கு. வெறும் சீனி ஆகுமா உங்களுக்கு, இல்ல அதுவும் ஆகாதா?"

நான் அழுதுவிட்டேன். சுகர்காரர் ஒருவருக்காகச் சீனியைத் தனியே கொண்டுவந்த பெண்ணை, சீனி வேண்டிய சுகர்காரன் கிடந்த பாதைக்கு ஆண்டவர் அனுப்பியிருந்தார். நானோ என் வாயாலேயே அவளைத் திருப்பி அனுப்பப் பார்த்தேன்.

"தண்ணி ஊத்திறாதம்மா, பொரையேறிரும். கன்னத்துக்குள்ள தேயி" என்றேன். அவள் பாதையில் சம்மணம் போட்டு உட்கார்ந்தாள். விரலை ஈரமாக்கி, சீனியில் தொட்டு, கடைவாய் ஓரம் தேய்த்தாள். தேய்க்கத் தேய்க்கத் திட்டிக்கொண்டே இருந்தாள். "முழுங்கு சாமி. யார் பெத்த புள்ளையோ. எம்புட்டு வேர்வை பாரு. முழுங்குய்யா. டையாம் டை." ஒரு கையால் அவன் டையை அவிழ்த்தாள்.

கால் மணி நேரத்தில் அவன் கண் நிலைத்தது. என்னைப் பார்த்தான். "அண்ணே, நான் விழுந்தேனா?"

"விழுந்த. இப்ப ரொட்டி தின்னு."

ரொட்டியையும் என்னையும் மாறி மாறிப் பார்த்தான். பிறகு இரண்டு துண்டு தின்றான்.

அதன்பின் ஆம்புலன்ஸ் வந்து விரலில் குத்திப் பார்த்தார்கள். சர்க்கரை ஏறியிருந்தது. ஆஸ்பத்திரிக்கு வா என்றார்கள். பேச்சியம்மாள் வீடு அந்தப் பாதையின் கோடியில்தான். அதை முடித்துவிட்டு வருகிறேன் என்று பிடிவாதம் பிடித்தான். வண்டிக்காரர்கள் நல்லவர்கள். அங்கே கொண்டுபோய் இறக்கிவிட்டு, பத்து நிமிடம் நின்றார்கள்.

பேச்சியம்மாள் கட்டிலில் ஒருக்களித்துப் படுத்திருந்தார். மிச்சமிருந்த ரொட்டியில் ஒரு துண்டை எடுத்து, பிரசாத் முழங்கால் போட்டு ஜெபித்து அவருக்குக் கொடுத்தான். எங்களோடு வந்த தூக்குவாளிக்காரப் பெண் வாசலில் நின்று பார்த்துக்கொண்டிருந்தாள். எல்லாம் முடிந்தபின் நடந்ததை நான் சொன்னேன். அப்போதுதான் உண்மை வெளியே வந்தது. போன மாதம் பேச்சியம்மாள் தனக்காக உபவாசம் இருக்கும்படி அவனைக் கேட்டிருக்கிறார். இருக்கிறேன் என்று சொல்லிவிட்டான். அவன் உபவாசம் இருக்கக் கூடாது என்று டாக்டரும், ஊழியக்காரர்களுக்குப் பொறுப்பான ஊழியத் தலைவரும் முன்பே சொல்லியிருந்தும், சொன்ன சொல்லுக்காக இருந்தான். கூடவே வைத்திருக்கும் குளுக்கோஸையும், பார்த்தால் தின்னத் தோன்றும் என்று அறையிலேயே வைத்துவிட்டு வந்திருந்தான்.

பேச்சியம்மாள் அவன் தலையை இழுத்துத் தன் தோளில் வைத்துக்கொண்டார். "இடுப்பு போனா போகுது ராசா. இனிமே எனக்காகச் சாப்பிட்டுட்டு ஜெபம் பண்ணு. நல்லா வயிறாரச் சாப்பிட்டுட்டு, அப்புறம் பண்ணு."

அவன் அவர் தோளில் அழுதான். மதுரைக்கு வந்தபின் அவன் அழுது நான் பார்த்தது அது ஒரு தடவைதான்.

அவனை வீட்டுக்கு அனுப்பிவிடுவார்களோ என்று பயந்தோம். அனுப்பவில்லை. ஊழியத் தலைவர் அவனோடு நெடுநேரம் பேசினார். இப்போது உபவாச ஞாயிறுகளில் அவன் என் வீட்டில் காலை இட்லி சாப்பிடுகிறான். என் மனைவிதான் பரிமாறுவாள், இருவரும் சர்க்கரை அளவைச் சொல்லி ஒப்பிட்டுக்கொள்வார்கள். பேச்சியம்மாள் இன்னும் எழுந்து நடக்கவில்லை. அதற்காகவும் ஜெபிக்கிறோம். அது கிடைக்காததால் கிடைத்ததை நான் மறைக்க மாட்டேன்.

என்னில் மாறியது ஒன்று உண்டு. என் ஜெபங்கள் குட்டையாகிவிட்டன. கேட்டதும் கண்ணைத் திறந்து, யார் வருகிறார்கள் என்று பார்க்கிறேன். வருகிறவர் கையில் இருப்பது நமக்கு வேண்டாததாகத் தோன்றினாலும், வேண்டாம் என்று சொல்லுமுன் அவர் இன்னும் என்ன வைத்திருக்கிறார் என்று கேட்கிறேன். இக்கட்டில் இருக்கும் சகோதரனே, சகோதரியே, நீங்களும் அப்படிக் கேட்டுப் பாருங்கள். நம் பிதா கேட்கிறார். இதை நான் மடியில் ஒரு பிள்ளையை வைத்துக்கொண்டு அறிந்தேன், இயேசு கிறிஸ்துவின் நாமத்தில் சாட்சி சொல்கிறேன்.

அந்தப் பெண்ணிடம் பணம் நீட்டினேன், வாங்கவில்லை. "ஆளுகளுக்குச் சீனி இல்லாமப் போச்சு, அதை மட்டும் வாங்கிக் குடுங்க" என்றாள். பிரசாத்தை ஆம்புலன்ஸில் உட்காரவைத்துவிட்டு, பக்கத்துப் பெட்டிக்கடையில் ஒரு கிலோ வாங்கிக் கொடுத்தேன். எங்கள் இருவருக்கும் போகும்போது பஸ் டிக்கெட் முப்பது ரூபாய், சீனி நாற்பத்தெட்டு. ஆக அன்றைக்கு எனக்கு ஆன செலவு எழுபத்தெட்டு ரூபாய்.