ஜெராக்ஸ் விரல்

எங்கள் தெருவில் என் அக்காவுக்கு டிக்டிக் என்று பெயர். வலது காலைத் தாங்கக் கட்டியிருக்கும் கேலிப்பர் என்ற இரும்புச் சட்டம் படிக்குப் படி சத்தம் போடும். ஒன்றரை வயதில் வந்த போலியோ கொடுத்துவிட்டுப் போன சத்தம். வீடு வீடாகப் போய் சொட்டு மருந்து போடுவது அவள் வேலை. ஐஸ் பெட்டியைத் தூக்கிக்கொண்டு பின்னால் ஓடுவது என் வேலை. சிரித்துச் சிரித்து விலா வலிக்கிற உத்தியோகம் வேறு யாருக்கு வாய்க்கும்?

அன்று கடைசி நாள். மிச்சமிருந்தது மூன்றாம் மாடி ஜெராக்ஸ் கடைக்காரரின் இரட்டைப் பெண்கள், நாலு வயது.

"ரெண்டு பேருக்கும் நேத்தே முகாம்ல போட்டாச்சும்மா." பெண்கள் இருவரின் சுண்டு விரல்களையும் தூக்கிக் காட்டினார். இரண்டிலும் மை. அக்கா குனிந்து பார்த்தாள். மூத்தவள் விரலில், மருந்து போட்டதற்கு அடையாளமாக நாங்கள் வைக்கும் மார்க்கரின் கறுப்பு. சின்னவள் விரலில் ரப்பர் ஸ்டாம்ப் ஊதா.

"இது ஒரிஜினல். இது?"

மனிதர் அசடு வழிந்தார். சின்னவள் முகாமில் வாயையே திறக்கவில்லையாம். நாங்கள் வந்து நச்சரிப்போமே என்று கடை ஸ்டாம்ப் பேடில் அவள் விரலை ஒரு ஒற்று ஒற்றிவிட்டாராம். "ஒருத்திக்குப் போட்டா போதாதா? ரெண்டும் ஒண்ணுதானே."

"உங்களுக்குத்தான் அண்ணே ஒண்ணு. வைரஸுக்கு ரெண்டு வயிறு."

போலியோ வைரஸ் அழுக்குக் கை, அழுக்குத் தண்ணீர் வழியாக வாய்க்குள் போய்க் குடலில் குடியேறும். முக்கால்வாசிப் பேருக்கு வந்ததே தெரியாது. எங்கோ ஒருத்திக்கு மட்டும் நரம்பில் ஏறிக் காலை வாங்கிக்கொள்ளும். அதன்பிறகு குணமாக்க மருந்தே கிடையாது. அக்கா இதைச் சொல்லும்போது மட்டும் எனக்குச் சிரிப்பு வராது. அந்த ஒருத்தி அவள்தான்.

இதற்குள் சின்னவள் கட்டிலுக்கடியில். அவள் அப்பா கெஞ்சினார், மிரட்டினார், தானும் உள்ளே புகுந்து மாட்டிக்கொண்டார். அவர் காலைப் பிடித்து இழுத்தவள் நான். அக்கா அலட்டிக்கொள்ளாமல் தரையில் உட்கார்ந்து கேலிப்பரின் முட்டிப் பூட்டைத் திறந்தாள். டிக். மூடினாள். டிக். ஒரு தலை எட்டிப் பார்த்தது. மறுபடி டிக். அதிசயத்தில் வாய் தானாகப் பிளந்தது.

ஒரு சொட்டு, இரண்டு சொட்டு. போய்விட்டது உள்ளே.

விரலில் கறுப்பு மை வைக்கும்போது சின்னவள் கேலிப்பரைக் கட்டிக்கொண்டு ஓவென்று அழுதாள். "எனக்கும் இந்த டிக்டிக் வேணும்."

அப்பாவுக்கு முகம் செத்துப்போனது. அக்காவோ கண்ணில் நீர் வரச் சிரித்தாள்.

"வேற என்ன வேணும்னாலும் கேளு கண்ணு, வாங்கித் தரேன். இது மட்டும் உனக்குக் கிடைக்கவே கூடாது."