நானா சாய்ந்த சுவர்

நானா, என் கூடப்பிறந்த மூத்தவனே, உன் தலை பட்ட இடத்தை நான்தான் மூடினேன். ஏன் என்று சொல்லிவிடுகிறேன்.

நீ காய்ச்சலில் மௌத்தாகி அப்போது ஒரு மாதம்கூட ஆகவில்லை. நெல் ஆலையில் இருந்து பகல் சாப்பாட்டுக்கு வந்தால் வாவிப் பக்கத்துச் சுவரில் சாய்ந்துதான் உட்காருவாய். உம்மா உன் தலையில் தேய்த்த எண்ணெய் அத்தனையும் அந்தச் சுவரில் வட்டமாக ஊறியிருந்தது. வாப்பாவால் அதைப் பார்க்க முடியவில்லை. பீங்கானைத் தூக்கிக்கொண்டு முற்றத்துக்குப் போய்ச் சாப்பிடுவார். உம்மா அறைக்குள் தனியாக, நான் குசினியில், அடுப்புப் பக்கத்தில்.

அந்தக் கறைக்கு மேலே பெயின்ட் அடித்தேன். மூன்றாம் நாள் கறை வெளியே வந்தது. மறுபடி அடித்தேன். மறுபடியும் வந்தது, விளிம்பு இன்னும் தெளிவாக. மூன்றாம் தடவை உம்மா பார்த்துவிட்டு, "அவன் இன்னும் எழும்பல்ல மனே" என்றார். சோறு இன்னும் வேகவில்லை என்று சொல்வதுபோலத்தான் சொன்னார்.

"எண்ணெ ஊறினா பெயின்ட் புடிக்காது. ஜிப்சம் போட் ஒட்டி மூடு" என்றார் வாப்பா.

நான் எட்டாம் வகுப்போடு நின்றவன். சீலிங் வேலை செய்கிற பாஸ் ஒருவரோடு மூன்று வருசமாக ஜிப்சம் போர்ட் அடிக்கிறேன். எனக்குத் தெரிந்தது அது ஒன்றுதான்.

அது மோசமான சுவர். மட்டக்கோலை வைத்தால் ஒரு பக்கம் வயிறு தள்ளியது, உன் கறை இருந்த பக்கம் உள்ளே குழிந்து போயிருந்தது. இப்படிச் சுவருக்குச் சாந்தைக் கட்டி கட்டியாக அப்பி, போர்டை அதில் அழுத்தி, பலகையால் தட்டித் தட்டி நேர் எடுக்க வேண்டும். குழி உள்ள இடத்துக்குப் பெரிய கட்டி வேண்டும்.

உம்மா வாசலில் நின்றார். "அதில மட்டும் அப்பாத மனே. மூச்சு முட்டும்."

யாருக்கு என்று நான் கேட்கவில்லை. கறையைச் சுற்றி மட்டும் அப்பினேன். மூடுவதற்கு முன் தரையில் இருந்து கறை வரை அளந்தேன். முப்பத்திரண்டு அங்குலம். கைப் பழக்கம்.

பாஸ் வந்து விரல் முட்டியால் தட்டிப் பார்த்தார். எல்லா இடமும் கட்டியாகக் கேட்டது. அந்த இடத்தில் மட்டும் டொம் என்றது.

"என்னடா, உள்ளுக்குப் பூனய வச்சு அடச்சிட்டியா?" என்று சிரித்தார். உம்மாவின் முகத்தைப் பார்த்ததும் சிரிப்பு நின்றது. தேத்தண்ணி குடிக்காமலே போய்விட்டார்.

வாப்பா உள்ளே வந்தார். மூன்று பேரும் ஒரே பாயில் சாப்பிட்டோம், பத்து நாள். பதினோராம் நாள் வாப்பா அள்ளிய சோற்றைத் திரும்பப் பீங்கானில் வைத்தார். புதுப் போர்டின் வெள்ளையில் கறை. அதே வட்டம்.

"நீ என்னத்தடா ஒட்டின?" என்று கேட்டுவிட்டு, பீங்கானோடு முற்றத்துக்குப் போனார்.

போர்டுக்கும் சுவருக்கும் நடுவில் இரண்டு அங்குலம் வெறும் காற்று. எண்ணெய் அதைத் தாண்டி வராது. அளந்து பார்த்தேன். இருபத்தெட்டு. நீ சின்னதாகிவிட்டாயா நானா?

அடுத்த நாள் வேலை நேரத்தோடு முடிந்து, அஸர் தொழுகைக்கு முன்பே வீட்டுக்கு வந்தேன். உம்மா அங்கே உட்கார்ந்திருந்தார். முக்காடு தோளில் கிடந்தது. எண்ணெய் தேய்த்த தலையைப் போர்டில், சரியாக அந்தக் கறையிலேயே சாய்த்து, விரல் முட்டியால் பின்னுக்குத் தட்டிக்கொண்டிருந்தார். பக்கத்தில் நீ மிச்சம் வைத்த எண்ணெய்ப் போத்தல்.

"இதில மட்டும்தான் மனே சத்தம் வேற. வந்து கேளு."

உட்கார்ந்து காதை வைத்தேன். உள்ளே ஏதோ மெல்ல ஏறி இறங்கியது. வாவிக் காற்று வெடிப்பால் நுழைந்திருக்கலாம். என் இரத்தமாகவும் இருக்கலாம். நான் காதை எடுக்கவில்லை.

வாப்பாவிடம் எல்லாம் சொன்னேன். மறுநாள் பீங்கானோடு உள்ளே வந்து, கறைக்குப் பக்கத்தில் உட்கார்ந்தார். பெயின்ட் அடிக்கச் சொல்லி இதுவரை கேட்கவில்லை.

இதைப் படிக்கிற எல்லாரும் என் நானாவுக்காகத் துஆச் செய்யுங்கள். அவனுடைய கபுறு விசாலமாக இருக்க வேண்டும், அங்கே மண் அவனை நெருக்கக் கூடாது என்று கேளுங்கள்.