சித்திரைத் தாம்பூலம்

"மாலைய அந்தப் பக்கம் வையும். நான் இன்னும் சாகல!"

மாட்டுங்கா பள்ளிக்கூடத்தில், அத்தனை பேர் முன்னால் என் புருஷன் நெல்லையப்பன் கத்திய கத்து அது. காரியதரிசி அனந்தநாராயணன் கையில் மாலையோடு நின்றார். பக்கத்தில் தாம்பூலத் தட்டு. நான் பெண்கள் பக்கம் உட்கார்ந்திருந்தேன்.

"என்ன ஓய் பண்டிட், தாம்பூலத்தைப் போய் வேண்டாங்கறீர்? அபசகுனம்."

"சித்திரையில எனக்குக் கருமாதி பண்ணுதீரு, ஆனியில திரும்பப் பெத்து எடுக்கீரு. எத்தன தடவதான்யா நான் பொறக்க?"

கணக்கு வாத்தியாரும் இங்கிலீஷ் வாத்தியாரும் அங்கே 'சார்'. தமிழ் சொல்லிக் கொடுத்த இவர் வெறும் 'பண்டிட்'. லீவு விடும்போது இவருக்கு மட்டும் மாலை போட்டுத் தட்டு கொடுப்பார்கள். தட்டை வாங்கிவிட்டால் தானாகவே வேலையை விட்டுப் போனதாகக் கணக்கு. கோடை முழுக்கச் சம்பளம் கிடையாது. பள்ளிக்கூடம் திறந்ததும் கூப்பிட்டு, நேற்று வந்தவனுக்குக் கொடுக்கிற சம்பளத்தில் மறுபடி சேர்ப்பார்கள். இவரும் கும்பிட்டுக் கும்பிட்டு வாங்கிக்கொண்டுதான் இருந்தார். ஆயிரத்துத் தொள்ளாயிரத்து நாற்பத்தாறில்தான் வாத்தியார் சங்கத்தில் யாரோ புத்தி சொன்னார்கள்: இந்தத் தடவை தட்டைத் தொடாதே, வேலை நடுவில் அறுபடாமல் இருந்தால் உன்னை நிரந்தரம் பண்ணியே ஆகவேண்டும், லீவுச் சம்பளமும் வரும் என்று. அதை நம்பித்தான் இந்த வீராப்பு.

வீராப்புக்கு மட்டும் குறைச்சல் கிடையாது. வீட்டில் எண்ணெய் இருக்காது. நான் கேட்டால் செய்யுள் சொல்லுவார்.

இரண்டு நாள் கழித்து, நான் குழாயடியில் வரிசையில் நின்றபோது, பியூன் நாணு அதே தட்டைத் தூக்கிக்கொண்டு தாராவிக்கு, எங்கள் வீட்டுக்கே வந்துவிட்டான். இவரும் வீட்டில் இல்லை. இருந்தது மாமியார் பேராச்சி. பாதிக் கண்தான் தெரியும். பள்ளிக்கூடத்துச் சண்டை எதையும் இவர் அவளிடம் சொன்னதில்லை. வெற்றிலை பாக்கு, தேங்காய், பழம் என்று வாசல் தேடி வந்ததைக் கிழவி கண்ணில் ஒற்றி வாங்கியிருக்கிறாள். வெறும் தட்டைத் திருப்பிக் கொடுக்கக் கூடாதே! பானையைத் தடவி, ரேஷன் அரிசியில் ஒரு பிடி போட்டுக் கொடுத்தனுப்பினாள். நான் வந்தபோது வாய் சிவக்க வெற்றிலை மென்றுகொண்டிருந்தாள்.

"ஒம் புருசனுக்கு மரியாத வந்திருக்குட்டி!"

வாங்கியது இவர் கை இல்லையே, கணக்கில் வராது என்று நான் இவரிடம் சொல்லாமல் விட்டேன். பள்ளிக்கூடம் திறந்த அன்று இவர் போனார். இவர் வகுப்பில் யாரோ ஒரு பையன் நின்று பாடம் நடத்திக்கொண்டிருந்தானாம்.

"உம்மாத்துல தாம்பூலம் வாங்கிண்டாச்சு" என்றாராம் அனந்தநாராயணன். "அட்சதை மாதிரி அரிசியும் திரும்பி வந்துடுத்து. அப்புறம் என்ன ஓய்?"

சங்கத்துக்கு ஓடினார். அங்கே பெரிய ஆள் வேங்கடசுப்ரமணியன், அதே பள்ளிக்கூடத்துக் கணக்கு வாத்தியார். "ஒரு பாஷை வாத்தியாருக்காக நாங்கள்லாம் வேலையை விட முடியுமா? ஆத்துல வாங்காம இருந்தா பேசிப் பார்த்திருக்கலாம்" என்று குடையை விரித்துக்கொண்டு நடந்துவிட்டாராம்.

நனைந்துகொண்டு வந்த மனுஷன் சட்டையைக்கூடக் கழற்றவில்லை. நேரே தாயார் முன்னால் குந்தினார்.

"வெத்தல ருசியா இருந்துச்சோ? எஞ்சோத்தயில்லா மென்னு துப்பிட்ட."

"நல்ல காரியம்னு நெனச்சேம்யா."

"இனி உனக்கு நல்லதும் கெடையாது, கெட்டதும் கெடையாது."

அதற்கப்புறம் அவர் அவளை அம்மா என்று கூப்பிடவே இல்லை. ஸிவ்ரி கிடங்கில் பஞ்சு மூட்டைக்கு நம்பர் போடும் வேலைக்குப் போனார். நான் மாட்டுங்கா வீடுகளில் மாவாட்டப் போனேன். பகல் முழுக்கக் கிழவி தனியாக இருப்பாள். வெளியே போகும்போது இவர் அவளை உள்ளே வைத்துப் பூட்ட ஆரம்பித்தார். தாகத்துக்கு ஜன்னல் கம்பி வழியாகக் கையை நீட்டுவாள். பக்கத்து வீட்டுச் சண்முகவடிவு செம்பில் தண்ணீர் கொடுப்பாள்.

"பெத்தவள அடைச்சுப் போட்டுட்டுப் போறீரே, இது அடுக்குமா?" என்று அவள் ஒருநாள் கேட்டேவிட்டாள்.

"எவனாவது எதையாவது நீட்டுவான், இவ வாங்குவா" என்று சொல்லி, பூட்டை இழுத்துப் பார்த்துவிட்டு இவர் போய்விட்டார்.

அலிகார் பூட்டு. தாராவி மெயின் ரோட்டில் வாங்கியது. பதினோரு அணா.